பட்டாளத்துக்காரர் நோயில் இறந்தால் மனைவிக்கு என்ன கிடைக்கும்?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலைகள் பல. அவற்றின் வாசலில் காவல் நிற்பவர்களில் முன்னாள் பட்டாளத்துக்காரர்களும் உண்டு.

போரில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவி உண்டு. இது எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றபின், வேறு வேலை பார்க்கும்போது நோயில் இறந்தால்?

அப்போதும் உரிமை உண்டு. ஒன்று அல்ல, இரண்டு!

முதலாவது, ராணுவப் பென்ஷன்.

பென்ஷன் வாங்கி வந்தவர் இறந்தால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் வரும். கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்கு. தொடக்கத்தில் சில ஆண்டுகள் கூடுதலாகவும் கிடைக்கலாம்.

அந்த நோய் ராணுவ வேலையால் வந்தது, அல்லது முற்றியது என்று முடிவானால் நூற்றுக்கு 60 பங்கு. கடைசிச் சம்பளம் 40 ஆயிரம் ரூபாய் என்றால், ஒன்று 12 ஆயிரம்; மற்றது 24 ஆயிரம். பஞ்சப்படி தனி.

நோய் எப்படி வந்தது? தகராறு இங்கேதான்.

வலிப்பு நோய்க்காக 1994-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாய் ஊனப் பென்ஷன் கேட்டு வழக்காடினார். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 'பட்டாளத்தில் சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்' என்பது அதன் சாரம். 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன. எனவே, கணவர் எந்த ஆண்டு விலகினார் என்று பார்ப்பது முக்கியம்.

இரண்டாவது, தொழிற்சாலைப் பணம்.

காண்டிராக்டரிடம் வேலை பார்த்திருந்தாலும், சம்பளத்தில் பி.எப். பிடித்தார்களா என்று பாருங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் சேமிப்பும், 7 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்சும் உண்டு. பி.எப். பென்ஷன் திட்டத்தில் ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாதப் பென்ஷன் வரும்.

'ராணுவப் பென்ஷன் வருகிறதே, இது கிடைக்காது' என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஒன்றுக்கு மற்றது தடை அல்ல.

டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பி.எப். எண். இவை இருக்கும் இடம் மனைவிக்குத் தெரிய வேண்டும். ராணுவப் பதிவேட்டில் அவள் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

விவரம் சொல்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மறுத்தால், சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

இது தர்மப் பணம் அல்ல. அவர் உழைத்துச் சேர்த்த உரிமை!