"செட்டாவே மாத்திடலாம்ங்க" - ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் கற்றுக்கொடுத்த பாடம்



இந்த முறை கொஞ்சம் கிரீஸ் வாசனையோடு ஒரு விஷயம். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். ஏனென்றால் இது காரைப் பற்றியது மட்டும் இல்லை.

எங்கள் ஊர் சாமளாபுரம். சோமனூர்ப் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் தெரிந்திருக்கும். ஜன்னல் வழியாகத் தறிச்சத்தம் கேட்க ஆரம்பித்தால் எங்கள் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் கூலித்தறிதான். நூல் எடுத்து வரவும், நெய்த காடா துணியைக் கொண்டுபோய்ப் போடவும் அப்பாவிடம் ஒரு பழைய மாருதி ஆம்னி இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. என்னை விட வயதில் மூத்தது, அதனால் வீட்டில் அதற்கு மரியாதை அதிகம் (எனக்குக் குறைவு).

ஒரு நாள் விடியற்காலை துணி ஏற்றிவிட்டு அப்பா சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார், மறுபடியும் "டக்". நானும் பக்கத்து வீட்டு மாமாவும் தள்ளிவிட்டோம். வண்டி கிளம்பியது, ஆனால் விக்கி விக்கி ஓடியது. மழைக்காலம் வந்தாலே அந்த விக்கல் வரும்.

டவுனில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனோம். பேரெல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். "ஸ்டார்ட்டர் செட்டாவே மாத்திடலாம்ங்க. டிஸ்ட்ரிபியூட்டரும் பழசாயிருச்சு, அதையும் மாத்திடலாம்." உள்ளே என்ன போயிருக்கிறது என்று அப்பா கேட்டார். "அதெல்லாம் பிரிக்கிறதில்லைங்க" என்பதுதான் பதில். சொன்ன தொகை எங்களுக்கு ஒரு வாரத் தறிக்கூலிக்கு மேல்.

அப்பா ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, சோமனூர் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் விட்டார். ஒற்றை ஷெட்டர் கடை. அந்த அண்ணன் முதலில் ஸ்பானரைத் தொடவே இல்லை. "ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு கண்ணு" என்றார். திருப்பினேன். லைட் மங்கவே இல்லை. "பேட்டரி நல்லாருக்கு. கரண்ட் மோட்டாருக்குள்ள போகல. லைட் அப்படியே அணையற மாதிரி மங்கியிருந்தா பேட்டரியையோ டெர்மினலையோ பார்த்திருப்பேன்" என்றார். இரண்டே நிமிடம், ஒரு பைசா செலவு இல்லை.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டார்ட்டரை இறக்கினார். பிரித்து என் முன்னால் வைத்தார். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்டார்ட்டர் என்பது ஒரு சின்ன டி.சி. மோட்டார். சாவியைத் திருப்பினால் அதன் முதுகில் இருக்கும் சோலினாய்டு ஒரு சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி, எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தோடு கோர்க்கும். அதே நேரத்தில் உள்ளே இரண்டு செம்பு முனைகளைச் சேர்த்து மோட்டாருக்கு மின்சாரம் விடும். நாங்கள் கேட்ட "டக்" அந்த சோலினாய்டின் சத்தம். அது தன் வேலையைச் செய்துவிட்டது, மோட்டார்தான் சுற்றவில்லை.

மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுப்பது கார்பன் பிரஷ். ஸ்பிரிங் அதைச் செம்புப் பட்டைகளின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தேயத்தான் செய்யும், தேய்வதற்காகவே வைத்த பாகம் அது. எங்கள் வண்டியில் பிரஷ் தேய்ந்து தேய்ந்து ஸ்பிரிங்குக்கு எட்டாத அளவுக்குக் குட்டையாகிவிட்டது. செம்புப் பட்டைகள் கறுத்துப் போயிருந்தன.

அண்ணன் மெல்லிய சேண்ட் பேப்பரால் அந்தக் கறுப்பை எடுத்தார். "எமரி வேண்டாம், அதோட பொடி கரண்டைக் கடத்தும்" என்றார். பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மைக்கா இடுக்கைச் சுத்தம் செய்தார். புது பிரஷ் போட்டார். கடைசி புஷ்ஷுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பல்சக்கரம் நகரும் தண்டைத் துடைத்தார், கிரீஸ் அப்பவில்லை. அப்பினால் தூசி ஒட்டிக்கொண்டு சக்கரம் நகராமல் மாட்டிக்கொள்ளுமாம்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கினார். காயில் தயாரிக்கும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தை எந்த பிளக்குக்கு எப்போது அனுப்புவது என்று பிரித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு அம்மா சோறு போடுகிற மாதிரி. வரிசை மாறினாலும் நேரம் தப்பினாலும் வீட்டில் சண்டை, இங்கே எஞ்சினில் சண்டை.

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். முடி அளவுக்கு ஒரு விரிசல். ஈரம் ஏறும்போது மின்பொறி அதன் வழியாகத் தப்பித்து ஓடுகிறது, மழைக்கால விக்கலுக்கு அதுதான் காரணம். மூடியை மாற்றினார். பாயிண்ட் இரண்டும் கரிந்து மேடும் பள்ளமுமாக இருந்தன, புது செட் போட்டார். கேம் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்படி வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்த்தார். இந்த மாதிரி வண்டிகளுக்கு அது ஏறக்குறைய 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரும். கேமில் துளி கிரீஸ். கடைசியாக டைமிங் லைட் பிடித்து நேரத்தைச் சரி செய்தார்.

மொத்தம் அரை நாள். ஆன செலவு, டவுனில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது.

இதில் என்ன பெரிய விஷயம்?

நான் சொல்ல வருவது "சின்னக் கடை நல்லது, பெரிய கடை மோசம்" என்பது இல்லை. அது சினிமா வசனம். பெரிய ஒர்க்‌ஷாப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரித்துப் பார்க்க நேரம் ஆகும், அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. பிரஷ் மாற்றிக் கொடுத்து ஒரு மாதத்தில் வேறு ஏதாவது போனால் வாடிக்கையாளர் அவர்களைத்தான் திட்டுவார். புது செட் போட்டால் கம்பெனி உத்தரவாதம் இருக்கிறது. சின்னக் கடைகளிலும் ஸ்டார்ட்டரை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பவர்களும், ஃபீலர் கேஜே இல்லாமல் கண்ணளவில் பாயிண்ட் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

என் வருத்தம் வேறு. "அதெல்லாம் பிரிக்கிறதில்லைங்க" என்ற பதில்தான் என்னை உறுத்துகிறது. உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. தெரிந்த பிறகு செட்டாக மாற்றுவதா, பிரஷ் மட்டும் போடுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். அந்த முடிவை அவர் கையில் இருந்து பிடுங்குவதுதான் தப்பு.

எங்கள் ஊரில் ஒரு தறி நின்றால் யாரும் "தறியே மாத்திடலாம்" என்று சொல்ல மாட்டார்கள். நாடா போனால் நாடா, பிக்கர் போனால் பிக்கர், மோட்டார் எரிந்தால் வைண்டிங். தறி நின்றால் கூலி நின்றது, அதனால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஆட்களுக்கு ரத்தத்திலேயே வந்துவிட்டது. இதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே வாங்கி, பிரித்துப் பூட்டிப் பழகியவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். 1937-ல் மின்மோட்டார் தயாரிப்பிலும் இறங்கினார். இன்று கோவையில் இத்தனை மோட்டார், பம்பு கம்பெனிகள் இருப்பதற்கு, "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்ட அந்தத் தலைமுறையும் ஒரு காரணம்.

ஸ்டார்ட்டரே அப்படி வந்ததுதான். அதற்கு முன்னால் காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும், எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பு உடையும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் அதற்கு முன் கடைக் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் செய்தவர். மோட்டார் சில நொடிகள் மட்டும் ஓடினால் போதும் என்றால், சின்ன மோட்டாரிலேயே பெரிய வேலை வாங்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1912 கெடிலாக் காரில் அந்த ஸ்டார்ட்டர் வந்தது. சாவியைப் பத்து நொடிக்கு மேல் விடாமல் பிடிக்காதே என்று பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதுதான். நீண்ட நேரம் ஓட அது செய்யப்படவில்லை, சூடாகிவிடும்.

பழசுக்காக அழவில்லை

டிஸ்ட்ரிபியூட்டர் மறுபடி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாயிண்ட் தேயத் தேயப் பொறியின் நேரம் தவறும், பெட்ரோல் பாதி எரிந்து புகையாகும். 2000-ல் நாடு முழுக்கப் புகைக் கட்டுப்பாடு இறுக ஆரம்பித்த பிறகு, கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷனும், பாயிண்டுக்குப் பதில் கம்ப்யூட்டரும் வந்தன. காற்றுக்கு அது நல்லதுதான். எங்கள் ஆம்னியும் ஒரு நாள் போகத்தான் வேண்டும். 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆக்கியபோதே அப்பா அதைப் புரிந்துகொண்டார்.

ஆனால் புது வண்டி வந்தால் கேள்வி முடிந்துவிடாது, இன்னும் பெரிதாகும். பாயிண்டில் இருந்த கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய கோளாறு ஒரு எண்ணாகக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைப் படிக்கும் கருவியும் உதிரிபாகமும் கம்பெனியிடம் மட்டும் இருந்தால், சோமனூர் ரோட்டு அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்?

இது நான் மட்டும் சொல்வது இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்தே, வெளி மெக்கானிக்குக்கும் இந்தத் தகவல்கள் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நம் மத்திய அரசும் 2022-ல் "பழுது பார்க்கும் உரிமை" பற்றிக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல விஷயம். ஆனால் போன் நம்பர் கிடைத்தால் மட்டும் போதாது, ஒரு ஜோடி பிரஷ் ஒற்றை ஷெட்டர் கடைக்கும் தனியாகக் கிடைக்க வேண்டும்.

நம்மால் ஆவது

வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டி.சி. மோட்டார் பாடத்தில் பிரஷ், கம்யூட்டேட்டர் என்று படம் வரைந்து மார்க் வாங்கிவிட்டோம். ஆனால் அன்றைக்குக் கடையில் அந்த அண்ணன் "இது என்ன தெரியுமா?" என்று கையில் கொடுத்தபோது நான் முழித்தேன். பரீட்சையில் 13 மார்க் வாங்கிய படம் அதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு பழைய ஸ்டார்ட்டர் காயலான் கடையில் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரிப்போம்.

மற்றவர்களுக்கு மூன்றே மூன்று. வண்டி கிளம்பவில்லை என்றால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். "செட்டா மாத்தணும்" என்றால், உள்ளே எது போயிருக்கிறது என்று கேளுங்கள். மாற்றிய பிறகு பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பணம், உங்கள் பொருள்.

எங்கள் பழைய பிரஷ் இரண்டும் இப்போது என் மேஜை மேல் இருக்கின்றன. சுண்டு விரல் நகம் அளவுதான். இவ்வளவு சின்னப் பொருளுக்காக ஒரு முழு மோட்டாரைத் தூக்கிப் போட இருந்தோம். நாளைக்கு மின்சாரக் கார் வாங்கினால் அதில் ஸ்டார்ட்டரே இருக்காது. அப்போதும் ஏதோ ஒரு சின்னப் பொருள் தேயத்தான் போகிறது. அதைத் திறந்து பார்க்க நமக்கு வழி இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

அப்பா கூப்பிடுகிறார், நூல் எடுக்கப் போக வேண்டும். வரட்டுமா?