திறந்திருக்கிறது என்றால் போதுமா?

“இங்கே யாரும் சாதி கேட்பதில்லை, நிரலை மட்டும்தான் பார்ப்போம்.” திறந்த மூல மென்பொருள் உலகில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சரி, நிரல் எழுதி அனுப்பும் இடம்வரை வந்து சேர யாரால் முடிகிறது?

என் முனைவர் பட்ட ஆய்வு லினக்ஸ், பைத்தான் போன்ற மென்பொருள்களை நம்பித்தான் நடக்கிறது. ஒரு திட்டத்தில் பங்களிக்க விரும்பி, நிறுவுவதில் எழுந்த சந்தேகத்தைக் கேட்டேன். “ஆவணத்தைப் படி” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஆவணத்தில் அந்தப் படிநிலையே இல்லை. பெரிய கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இதையெல்லாம் விடுதி சீனியர் சொல்லித் தந்துவிடுவார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த சீனியர் கிடையாது. எழுதிவைக்காத அறிவு உள்ளே இருப்பவர்களின் ஆட்களுக்கே போய்ச் சேரும். நமக்கு இது பழகிய கதைதான்.

பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனாலும் மகாட் குளத்தில் தண்ணீர் அருந்த, 1927இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் கொடுமையையும் மென்பொருள் உலகின் புறக்கணிப்பையும் நான் சமமாக வைக்கவில்லை. ஆனால் உரிமை காகிதத்தில் இருப்பதற்கும் கைக்கு வருவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை மகாட் நமக்குக் காட்டியிருக்கிறது.

பல திட்டங்கள் ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற நடத்தை நெறியை ஏற்றிருக்கின்றன. எவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று அதன் 1.4, 2.1 பதிப்புகள் தரும் பட்டியலில் அனுபவ அளவும் உண்டு. சாதி சேர்ந்தது 2.1 பதிப்பில்தான். 2018இல் லினக்ஸ் கெர்னல் தழுவிக்கொண்ட 1.4 பதிப்பில் சாதி என்ற சொல்லே இல்லை. நாம் பங்கேற்கும் திட்டங்கள் எந்தப் பதிப்பை வைத்திருக்கின்றன என்று பார்த்து, மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நெறி மட்டும் போதாது. நிறுவும் முறையைப் புதியவர் ஒருவரை உட்காரவைத்துச் சோதித்து எழுத வேண்டும். சிறு வேலைகள் சிலவற்றைப் புதியவர்களுக்கென ஒதுக்க வேண்டும். முதல் பங்களிப்பைத் திருப்பி அனுப்பினால் காரணம் சொல்ல வேண்டும். தமிழில் வரும் கேள்விக்குத் தமிழில் பதில் தர ஓர் ஆள் வேண்டும்.

பராமரிப்பாளர்கள் பலர் ஊதியமின்றி உழைக்கிறார்கள், நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஒருமுறை தெளிவாக எழுதிவைத்தால், அதே கேள்விக்குப் பத்து முறை எரிச்சலோடு பதில் சொல்லும் நேரம் மிஞ்சும்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் தோழர்களே, உங்களுக்கு யாரோ வாய்மொழியாகச் சொல்லித் தந்ததை இந்த வாரமே ஒரு பக்கமாக எழுதி, திட்டத்தின் ஆவணத்தில் சேருங்கள்.