பலெர்மோவில் நாம் காணத் தவறுவது

இத்தாலிக்குப் பயணம் செல்லும் நம் மக்களுள் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவரை செல்வோர் சிலரே. அங்குள்ள பேராலயத்தின் தெற்கு வாயில் மண்டபத்தில் ஒரு தூண் நிற்கிறது. திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயத்து 54ஆம் வசனம் அதில் அரபியில் செதுக்கப்பட்டுள்ளது. அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, "ஒரு காலத்தில் இது நம்முடைய ஊர்" என்று பெருமூச்சு விட்டுத் திரும்புகிறோம்.

பெருமூச்சு விடுவதில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அந்தப் பயணத்தால் பயனில்லை என்பதே எமது கருத்து. அந்நகரம் 831ஆம் ஆண்டில் முஸ்லிம்கள் வசமாயிற்று, 1072இல் கைநழுவியது. இழப்புக்கு முன்னும் பின்னுமாக அங்கு சென்ற இரு முஸ்லிம் பயணிகள் தாம் கண்டதை எழுதி வைத்துள்ளனர். அவற்றை அறிந்து செல்வோருக்கே அந்தத் தூண் பாடமாகும்.

முதலாமவர் இப்னு ஹவ்கல். அவர் 973ஆம் ஆண்டளவில் பலெர்மோவில் இருந்தார். அங்கு 300க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். படிக்கும்போது உள்ளம் மகிழ்கிறது. ஆனால் அவர் மகிழவில்லை. ஓர் அம்பு பாயும் தொலைவுக்குள் பத்துப் பள்ளிவாசல்கள் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரும் தம்மைச் சார்ந்தோரும் மட்டுமே தொழுவதற்கென்று தனிப் பள்ளிவாசல் வைத்துக்கொள்ள விரும்புவதாக அறிந்தார். ஒருவர் தமது பள்ளிவாசலுக்குச் சில எட்டுத் தொலைவிலேயே தம் மகனுக்கென்று இன்னொன்றைக் கட்டியிருந்தார். அது இறையச்சத்தின் அடையாளமன்று, பெருமையடிப்பே என்பது இப்னு ஹவ்கலின் தீர்ப்பு. அவர் கடுமையான பேர்வழிதான். அவ்வூரில் ஓதிக்கொடுத்த எம் போன்ற ஆசிரியர்களைக்கூட ஏளனம் செய்யாமல் விடவில்லை. ஆயினும் அவர் சுட்டிய நோய் பொய்யன்று.

அதன் பின் நூறாண்டுகள்கூட அந்நகரம் முஸ்லிம்கள் வசம் நிலைக்கவில்லை. சிசிலியின் அமீர்கள் தமக்குள் பிரிந்து மோதினர். அவர்களுள் இப்னு அத்துமனா என்பவர் தம் முஸ்லிம் எதிரியை வீழ்த்த நார்மானியரின் உதவியை நாடினார். உதவிக்கு வந்தவர்கள் தீவையே எடுத்துக்கொண்டனர். பள்ளிவாசல்கள் பெருகியதால் நகரம் வீழ்ந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் "நான், என் கூட்டம்" என்ற மனப்பான்மை பள்ளிவாசலுக்குள்ளேயே குடியேறிவிட்ட சமுதாயத்தில் அரசு மட்டும் எவ்வாறு ஒன்றுபட்டு நிற்கும்?

இரண்டாமவர் இப்னு ஜுபைர். ஹஜ்ஜை நிறைவேற்றி அந்தலூஸ் திரும்பும் வழியில், 1184இன் இறுதியில், மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறினார். கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் வில்லியம் ஆண்ட பலெர்மோவில் முஸ்லிம்களுக்குத் தனிக் குடியிருப்புகளும், காழியும், பாங்கொலியும் இன்னும் இருந்தன. பள்ளிவாசல்கள் பலவற்றில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் கற்பிக்கப்பட்டது. ஆனால் ஜும்ஆ குத்பாவுக்கு அனுமதி இல்லை. பெருநாள் தொழுகையில் மட்டுமே குத்பா ஓதினர். தீவின் மறுபுறம் திராபானியில் ஒரு தந்தை, தம் மகளின் ஈமான் காக்கப்பட வேண்டுமென்று, ஊர் திரும்பும் ஹாஜி ஒருவருக்கு அவளை மணமுடித்து அனுப்ப முன்வந்ததையும் அவர் பதிவு செய்கிறார். தனித்தனிப் பள்ளிவாசல்களில் பெருமை தேடியவர்களின் சந்ததியினர், ஒரு ஜும்ஆவுக்குக்கூட வழியற்று நின்றனர். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெட்ரிக் சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லூசெரா நகருக்குப் பெயர்த்தார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

இதைப் படிக்கும்போது நம் ஊர்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? மக்கள் பெருகி இடம் போதாமல் புதிய பள்ளிவாசல் கட்டுவது நற்செயல். ஆனால் நிர்வாகத் தகராறு முற்றியோ, கிளைச் சட்டம் ஒன்றில் கருத்து வேறுபட்டோ அடுத்த தெருவில் இன்னொன்றை எழுப்புவது வேறு. அடிக்கல் நாட்டும் முன் "இது யாருக்காக?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். மினாரா உயர்த்தும் பணத்தில் ஒரு பங்கை மக்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். இப்னு ஜுபைர் கண்ட நெருக்கடியிலும் அணையாதிருந்தது அந்த விளக்குதான்.

பலெர்மோ செல்வோர் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தூணின் முன் நிறுத்தி, நம் முன்னோர் ஆண்ட கதையோடு அவர்கள் பிரிந்த கதையையும் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைப்பானாக. ஆமீன்.