காட்டை வெட்டியவர்கள் நாங்கள்

சப்ரகமுவக் காட்டுக்குள் முதலில் விளக்கேற்றியவர்கள் ஐரோப்பியப் பாதிரிமார்; எழுத்தும் சாமியும் தெரியாமல் கிடந்த தோட்டத்துச் சனங்களை மனுசராக்கியவர்களும் அவர்களே என்று விழா மலர் ஒன்றில் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இது பச்சைப் பொய்.

காட்டை வெட்டி ரப்பர் கன்று நட்டவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிமார். தமிழ்நாட்டிலிருந்து வரும்போதே மாரியம்மனையும் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக் கத்தோலிக்கர் பலருடைய முன்னோர் தமிழ்நாட்டிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

1893இல் காலி மறைமாவட்டம் உருவானபோது சப்ரகமுவவும் அதற்குள் வந்தது. பெல்ஜிய இயேசு சபையினர் அட்டைக்கடியில் மலையேறி வந்தார்கள். அந்தப் பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துரையின் அனுமதியோடுதான் வந்தார்கள். தொழிற்சங்கக்காரன் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போட்ட அதே தோட்டம்தான் பாதிரியாரை உள்ளே விட்டது. பள்ளிக்கூடம் தந்தார்கள் என்கிறார் அன்பர். துரைமாரைப் பள்ளிக்கூடம் வைக்கப் பணித்தது 1907ஆம் ஆண்டுச் சட்டம்.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக ஏறி, மரம் மரமாகப் பட்டை சீவிவிட்டு, சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்க்கிறாள் ஒருத்தி. மழை இறங்கிப் பால் கரைந்து ஓடினால் அவளுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. அந்த அரைப்பேருக்காகத் துரையிடம் வாதாடிய ஒரு பாதிரியாரை அன்பர் காட்டட்டும்.

1946இல் கேகாலை, உந்துகொடை நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னது. மறுத்தவர்கள்மேல் அத்துமீறல் வழக்கு. அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர். 1950இல் பிரிவி கவுன்சில் வரை போய் வென்றதும் தொழிலாளர் பக்கமே. 1948இல் எங்களவர் ஏழு லட்சம் பேரின் குடியுரிமை பறிபோனது. ஆனால் 1960இல் அரசு திருச்சபையின் பாடசாலைகளைக் கேட்டபோது கத்தோலிக்கப் பெற்றோர் இரவு பகலாக வகுப்பறைகளில் குந்தியிருந்து மறித்தார்கள். திருச்சபைக்குப் போராடத் தெரியும். எங்களுக்காக அப்படிப் போராடவில்லை, அவ்வளவுதான்.

நன்றி சொல்ல ஆள் வேண்டுமென்றால் இருக்கிறார். 1972இல் கண்டியில் சத்யோதயவைத் தொடங்கி, நாடற்றவர்களாக்கப்பட்ட எங்களுக்காக ஆயுள் முழுக்கப் பேசிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ். 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தின் முதல் தலைவரானார். சிங்களப் பேரினவாதிகள் ஏசினார்கள்; அவர் பின்வாங்கவில்லை. இரண்டு வருசம் கழித்து, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. அன்பரின் கட்டுரையில் அந்தத் தீயும் இல்லை, கஸ்பர்ஸின் பெயரும் இல்லை.