வில்லுக்கத்தியும் கொல்லன் பெயரும்

மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி இராமநாதன் கல்லூரிக்கு வழி கேட்டால் சிறு குழந்தையும் சொல்லும். 1913ஆம் ஆண்டில் அதனை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் கல்லூரியோடு கூடவே வாழ்கின்றது. அதே சந்தியில் நின்று, வில்லுக்கத்தி செய்யும் கொல்லர் ஒருவர் இப்பக்கத்தில் இருக்கிறாராமே, அவருடைய கம்மாலை எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்டவர் உங்களை மேலுங் கீழும் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதே ஊரிற் பிறந்து, இதே ஊரிற் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கும் அண்மைக்காலம் வரை அது தெரியாது.

வில்லுக்கத்தி என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களும் இதனைப் படிக்கக்கூடும். அலகு பிடிக்குள்ளே மடங்கி ஒடுங்கும் சிறு கத்தி அது. பிடியின் முதுகுப் பக்கத்தில் உருக்கினாலான ஒரு வில் கிடக்கின்றது. அவ்வில் அலகின் அடிக்கட்டையை அழுத்திக் கொண்டிருப்பதனாலேயே திறந்த கத்தி திறந்தபடியும், மூடிய கத்தி மூடியபடியும் நிற்கின்றன. பூட்டுமில்லை, திருகுமில்லை. தமிழ்நாட்டார் இதனை மடக்குக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் சொல்வர். நம்மவர் வில்லைக் கண்டு பெயரிட்டார்கள். நம்மவர் இட்ட பெயரே பொருத்தமானது என்பது என் கட்சி. ஏனெனில், பிடியும் அலகும் எவ்வளவு அழகாயிருந்தாலும் வில் சரியில்லையேல் அது கத்தியன்று, விளையாட்டுப் பொருள்.

எனக்கு இவற்றைச் சேர்க்கும் பித்து முப்பது ஆண்டுகளாக உண்டு. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் கத்தியில் அது தொடங்கிற்று. பின்னர் பாரிஸிலிருக்கும் உறவினர் ஒருவர், வில்லின் தலைப்பிலே தேனீ ஒன்று செதுக்கிய லாகியோல் கத்தியைக் கொண்டுவந்து தந்தார். ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்தும் இரண்டு வந்தன. லண்டனிலுள்ள மருமகன் ஒவ்வொன்றாக அனுப்புவான். பூட்டில்லாததும், வெட்டுவாய் மூன்று அங்குலத்துக்கு மேற்படாததுமான மடக்குக்கத்தியைச் சட்டைப்பையில் வைத்திருக்க 1988ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் இடந் தருகிறது என்று அவன் எனக்கு ஒரு முறை நீண்ட கடிதம் எழுதினான். இப்படியாக என் அலுமாரியில் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றுள் நம் மண்ணில் அடிக்கப்பட்டது ஒன்றேனும் இல்லை.

"அது வெள்ளைக்காரனுடைய சாமான், நம்மிடம் ஏது?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அது பிழை. ஓலையில் எழுதிய காலத்து நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமது 'என் சரித்திர'த்தில் எழுத்தாணி வகைகளைக் கூறுமிடத்தில் இதனையும் குறிப்பிடுகிறார். ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி, எழுத எழுத்தாணி. வேலை முடிந்ததும் மடக்கி வைத்துக் கொள்ள வேண்டியதுதான். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தேடித் தேடி அச்சேற்றினாரே, அந்த ஏடுகள் யாவும் எழுத்தாணி பட்டுப் பிறந்தவையே. ஏடெழுதியவன் தன் பெயரையும் ஊரையும் ஏட்டின் இறுதியில் எழுதி வைத்த இடங்கள் பல உண்டு. எழுத்தாணி அடித்தவன் பெயரை நான் எங்குங் கண்டதில்லை.

என் பாட்டனாரிடம் அத்தகைய மடக்கெழுத்தாணி ஒன்று இருந்தது. கொம்புப் பிடி; பித்தளை ஆணிகள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்துச் சனங்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். எழுத்தாணி அலுமாரியில் இருந்தது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அதனை யார் செய்தது என்று தாயாரைக் கேட்டேன். "சுன்னாகத்துப் பக்கம் ஆரோ ஒரு ஆசாரியார்" என்றார். பெயர் தெரிந்திருந்தால் அவருடைய பேரனையாவது தேடிப் போயிருப்பேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மண்வெட்டி ஒன்றைத் தோய்ப்பிக்கக் கம்மாலைக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய கொல்லர், உலை தணியும் வரை என்னை வாங்கில் இருக்கச் சொன்னார். பாக்குச் சீவலாமென்று என் ஷெபீல்ட் கத்தியை எடுத்தேன். கை நீட்டி வாங்கினார். திறந்தார், பாதியில் நிறுத்தினார், காதருகே பிடித்து மூடினார். "வில்லு களைச்சுப் போச்சுது, மாஸ்டர்" என்றார். தகப்பனார் காலத்தில் தாமும் செய்ததாகவும், சந்தைக்குப் பிளாஸ்டிக் பிடிக் கத்தி வந்தபின் ஒருவரும் கேட்கவில்லை என்றும் சொன்னார். சண்டைக்காலத்தில் இடுப்பில் கத்தியோடு சோதனைச் சாவடியைக் கடக்க யார்தான் துணிவார்? ஊரிலிருந்த பழைய கத்திகளும் கிணற்றுக்கும் குப்பைக்கும் போயின.

ஒன்று செய்து தரும்படி கேட்டேன். பழைய லொறியின் வில்லுத் தகட்டை வெட்டி எடுத்தார். எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தியபின் மீண்டும் மெல்லச் சூடாக்கும் வேளையில்தான் அவருடைய வித்தையைக் கண்டேன். அலகு வைக்கோல் நிறம் கொண்டதும் எடுத்துவிட்டார். வில்லை அதற்கும் மேலே, நீல நிறம் வரும் வரை விட்டுப் பிடித்தார். அலகுக்கு வேண்டியது கடினம்; வில்லுக்கு வேண்டியது வளைந்து மீளும் குணம். இரண்டும் ஒரே தகட்டிற் பிறந்தவை. வேறுபாடு சூட்டிலே இருக்கிறது. பிடிக்குப் பனையின் வைரம், கறுப்பு நரம்போடியது. முதற் கத்தியின் வில் மூன்றாம் வாரம் முறிந்தது. கை மறந்து போச்சுது என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டாவது இன்றும் என் சட்டைப்பையில் இருக்கிறது. மூடும்போது கேட்கும் அந்த 'டக்' என்ற ஒலிக்கு ரொட்ஜர்ஸ் கத்தி நாணும்.

இனிச் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. விலை கேட்டபோது நான்கு நாட் கூலி சொன்னார். "கொஞ்சம் குறைக்கேலாதோ, அண்ணை?" என்று என் நாக்குக் கேட்டுவிட்டது. ஷெபீல்ட்டுக்குக் கேட்ட பவுணை மறு பேச்சின்றி அனுப்பியவன் நான். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அதனையே நினைத்துக் கொண்டிருந்தேன்.

அந்த ஷெபீல்ட்டிலே ஸ்டான் ஷோ என்று ஒருவர் இருந்தார். 1926இல் பிறந்தவர். பதினான்கு வயதில் இபர்சன் பட்டறையிற் சேர்ந்து, பின்னர் தனியே ஒரு மேசையும் சில அரங்களும் வைத்துக்கொண்டு, முதுமையிலும் மடக்குக்கத்தியைக் கையாலேயே செய்தார். 2021இல் காலமானார். அவரிடம் ஒன்று பெற ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார்கள். நம் கொல்லரின் கை அதற்குக் குறைந்ததென்று நான் ஒப்பமாட்டேன். ஆனால், அவருடைய கத்தியில் அவருடைய பெயர் இருந்தது. விரும்பியவன் பெயரைப் பிடித்துக்கொண்டு ஆளிடம் போய்ச் சேர்ந்தான். நம்முடைய கத்தி 'பழைய யாழ்ப்பாணக் கத்தி' என்ற பெயரோடு பழம்பொருட் கடைக்குப் போகிறது. அங்கே கொடுக்கும் காசு கடைக்காரனுக்கு. உலைக்கு ஒரு கரித்துண்டும் அதனால் வராது.

ஆதலால் என் போன்ற பித்தர்களுக்கும், ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். பழையதைத் தேடுவதை ஒரு பருவத்துக்கு நிறுத்தி, உயிரோடிருக்கும் கொல்லரிடம் ஒன்று சொல்லிச் செய்வியுங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். அலகின் அடியில் அவர் பெயரைப் பொறிக்கச் சொல்லிக் கேளுங்கள். (விமானத்திற் கையோடு கொண்டுபோகாமல் பெட்டிக்குள் வைக்கவும் மறவாதீர்கள்.) கத்தி ஆயுதமல்லவா, அதனைப் பேணலாமா என்று கேட்போருமுண்டு. வெற்றிலைக் காம்பும் மாங்காயும் அறுக்கும் இரண்டரை அங்குல அலகைக் கண்டு அஞ்சுவோர் முதலில் தம் வீட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கட்டும்.

பெயர் பொறிக்கும் விஷயத்தில் கொல்லரே எனக்கு எதிர்க்கட்சி. "பேர் எதுக்கு, மாஸ்டர்? உடைஞ்சால் என்னட்டைத்தானே கொண்டு வருவியள்" என்றார். வாங்குபவன் கூப்பிடு தொலைவில் இருந்த காலத்து நியாயம் அது. அப்படி இருந்தவர்களிற் பாதிப்பேர் இன்று கடல் கடந்து இருக்கிறார்கள் என்றேன். பதில் சொல்லாமல் துருத்தியை இழுத்தார். மறுவாரம் நான் போனபோது, பழைய அரமொன்றின் முனையை உரைத்து ஓர் எழுத்தச்சு செய்து வைத்திருந்தார். தம் பெயரின் முதலெழுத்தில்லை, தகப்பனாருடையது. மூன்றாவது கத்தி அதனோடு தைப்பொங்கலுக்குப் பின் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முற்பணமாக முழு விலையையும் கொடுத்துவிட்டு வந்தேன்.