ஊருக்காக ஓர் இல்லறம்

ஞாயிறு திருப்பலிக்கு ஒரே வாகனத்தில் வந்திறங்குகிறார்கள். தங்கள் இல்லத்தில் அன்பியக் கூட்டம் நிகழும் நாளில் இருவரும் வாசலில் நின்று வரவேற்கிறார்கள். திருமண வெள்ளிவிழாவுக்கு அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. ஆனால் அதே இல்லத்தில் அவருக்கு ஓர் அறை, அம்மையாருக்கு ஓர் அறை. வீட்டுக்கடன் தவணை, பள்ளிக் கட்டணம் தவிர அவர்களிடையே பேச்சில்லை. அதுவும் பிள்ளையைத் தூதாக வைத்தே நடைபெறுகிறது.

நடுத்தர வர்க்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் நிகழும் இந்நாடகத்துக்குப் 'பிரமாணிக்கம்' என்று பெயர் சூட்டுகிறது ஊர். நாம் இதனை ஏற்க மறுக்கிறோம். பிரமாணிக்கம் என்பது கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அளிக்கும் உண்மை. ஊரார் கண்ணுக்கு அளிக்கும் தோற்றத்தால் காக்கப்படுவது குடும்ப கௌரவம் மட்டுமே.

திருமணம் பிரிக்க இயலாத பந்தமன்றோ என வினவுவோர் உண்டு. ஆம். ஆயினும் அப்பந்தத்தைப் போதிக்கும் திருச்சபையே, துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆன்மாவிலோ உடலிலோ பெருந்தீங்கு நேருமானால் பிரிந்து வாழலாம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் எண்ணில் இடமளித்துள்ளது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்திசியா' என்னும் ஊக்கவுரையும், பிரிவு சிலவேளை அறநெறிப்படியே தேவையாகிறது என ஒப்புகிறது. நாட்டின் சட்டமும் நகர்ந்துள்ளது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கணவனின் கொடுமையை மட்டும் காரணம் காட்டிக் கிறிஸ்தவப் பெண் மணவிலக்குப் பெற இயலாதிருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கிற்று. சட்டங்கள் மாறின, ஊரின் நா மாறவில்லை.

எல்லாரும் பிரிந்துபோகட்டும் என்பதன்று நம் வாதம். தொடக்கத்திலேயே வாய்விட்டுப் பேசியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய இல்லறங்கள் எத்தனை! "மகளுக்கு வரன் அமையட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மூடிவைத்த புண் அழுகுகிறது. நோயை மறைப்பவர்க்கு மருத்துவர் என்ன செய்வார்?

மணமாகுமுன் தயாரிப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் வரச்சொல்லும் பங்கு, மணமான பத்தாம் ஆண்டில் அத்தம்பதியரின் நலனை வினவுகிறதா? வினவினாலும், சொன்ன சொல் மறுநாள் தெருவுக்கு வராது என்ற உறுதி அவர்களுக்கு உண்டா? ஒவ்வொரு பங்கிலும் வம்பு பேசாத, தீர்ப்பிட விரையாத, செவிமடுக்கத் தெரிந்த இருவரேனும் நியமிக்கப்படட்டும். "எங்கள் இல்லறம் நலமாயில்லை" என்று ஒருவர் தலைகுனியாமல் சொல்ல முடிந்தால், அன்றே அந்த நாடகத்துக்குத் திரை விழும்.