அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு விருந்தாளி

போன ஆடி மாதம் ஒருநாள் சாயங்காலம், மாடி வீட்டு மாமி கூடையோடு வந்து நின்றார். உள்ளே ஒரு பூனைக்குட்டி. "ரெண்டு மாசம் ஆயிடுச்சு. தாய்ப்பாலை மறந்தாச்சு. நீ வச்சுக்கிறியா?" என்றார்.

"சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் பூனை எதுக்கு?" என்றார் என் மாமியார். ஐந்து வயதுப் பெண்ணோ கூடையை விடுவதாயில்லை. 'ஒரு வாரம் பார்ப்போம்' என்று முடிவாயிற்று.

கூடையைத் திறந்ததுதான் தாமதம், குட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஓடி ஒளிந்து கொண்டது. கிண்ணத்தில் வைத்த பாலை ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு குடித்தது. மறுநாள் பேதி! பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. தண்ணீரும், பூனைக்குட்டிக்கென்றே விற்கிற தீவனமும் வைத்தேன். நடுநடுவே உப்பில்லாமல் வேக வைத்து முள் எடுத்த மீன் கொஞ்சம்.

மூன்றாம் நாள் ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்து கொண்டிருந்தபோது நூல்கண்டு உருண்டது. டிரம்முக்குப் பின்னாலிருந்து மெள்ள ஒரு பாதம் நீண்டது! அப்புறம் வீடே சர்க்கஸ்தான். நூலை விழுங்கினால் குடலில் சிக்கிக் கொள்ளுமாம். அதனால் நூலை எடுத்து வைத்துவிட்டுக் காகிதப் பந்து உருட்டினேன். விளையாட வரும், தொடப் போனால் ஓடி விடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பெண் சாப்பிட உட்கார்ந்தாள். வலது கை பாவாடைக்குள்ளேயே இருந்தது. இழுத்துப் பார்த்தால் சிவப்பாக மூன்று கீறல்! "அம்மா, குட்டியை அனுப்பிடாதேம்மா" என்று ஒரே அழுகை. காலையில் டிரம்முக்குப் பின்னாலிருந்து அதன் காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. திட்டவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். மாமியார் மஞ்சள் பொடியோடு வந்தார்; வேண்டாமென்று தடுத்தேன். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் வராத கீறல் என்பதால் தடுப்பூசி போதும் என்றார் டாக்டர். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போட வேண்டுமாம். அவர் குறித்துக் கொடுத்த நாட்களில் ஒன்றுகூடத் தவறாமல் போட்டு முடித்தோம். வீட்டுப் பூனைதானே என்று அலட்சியம் கூடாது, சகோதரிகளே! வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

திரும்பி வரும்போது கீறலைவிட, அதைக் குழந்தை மறைத்ததுதான் என் மனசை அறுத்தது. 'ஏதாவது ஆச்சுன்னா பூனையை வெளியே விட்டுடுவேன்' என்று நாளைக்கு நாலு தரம் மிரட்டியது நான்தானே? இன்னும் ரெண்டு நாள் மறைத்திருந்தால்?

அன்று ராத்திரி அவளை மடியில் போட்டுக் கொண்டு, "எது நடந்தாலும் அம்மாகிட்டே உடனே சொல்லணும். யாரையும் அனுப்ப மாட்டேன்" என்றேன். ஒளிந்திருக்கும்போது இழுக்கக் கூடாது; தரையில் சும்மா உட்கார்ந்தால் அதுவே வந்து மோந்து பார்க்கும் என்றும் பழக்கினேன்.

குட்டிக்கும் மூன்று மாதமானதும் ஊசி போட்டாயிற்று. அந்த ஒரு வாரக் கெடுவைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. காகிதப் பந்து சுருட்டிக் கொடுப்பது யார் தெரியுமா? என் மாமியார்தான்!